எட்டுப் பேர் தூக்கிய கார்

என் கார் பழுதாகவில்லை. முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். நான் என் கையால் ஒவ்வொரு நட்டாகப் பூட்டிய கார் இந்த லண்டனில் ஒரு நாளாவது நடுவழியில் நின்றதில்லை. ஆனால் என் தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்கு எடுத்த சாமத்திய வீட்டில், நானூறு பேர் இருந்த மண்டபத்தில், ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அது பழுது என்று சொன்னான். சொன்னவனுக்குக் காரைப் பற்றி எதுவும் தெரியாது. கேட்டவர்களுக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். மைக் என் கையில் இல்லை.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். மன்னாரிலிருந்து ஜெர்மனிக்குப் போனபோது என் கையில் ஒரு பையும் ஒரு செபமாலையும்தான் இருந்தன. அங்கே ஒரு கராஜில் நிலம் கூட்டப் போனேன். மொழி விளங்காது. வாய் சொல்வது விளங்காதவன் கை செய்வதைப் பார்ப்பான், நான் பார்த்தேன். மூன்றாம் வருஷம் அந்த முதலாளி ஓர் இஞ்சினை இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்ற என்னைத்தான் கூப்பிட்டான். பிறகு பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தேன். ஹவுன்ஸ்லோவில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கராஜ் எடுத்தேன். இன்று இரண்டு கராஜ், ஆறு வேலையாட்கள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் என் முன்னால் வந்து, "அண்ணை, முன்னுக்கு ஏதோ டக்குடக்கெண்டு சத்தம் கேக்குது" என்று சின்னப் பிள்ளை மாதிரி நிற்கிறார்கள். சத்தத்தைக் கேட்ட உடனேயே எந்தப் போல்ட் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

அறுபது வயதில் எனக்கென்று ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றியது. வீட்டை இழுத்துக் கட்டவில்லை, ஊரில் கோபுரம் எழுப்பவில்லை. பெட்டி பெட்டியாக வரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். இரும்புச் சட்டம் ஒரு கட்டு, பைபர் மட்கார்ட் நாலு, அலுமினியத் தகடு, ஒரு சாக்கு நிறைய நட்டுகள். இஞ்சினும் பின் அச்சும் அதில் வராது. ஒரு பழைய சலூன் காரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு வேலை. அரசாங்கச் சோதனைக்குக் கொண்டுபோனபோது அந்த வெள்ளைக்கார அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே படுத்து ஒவ்வொரு பைப்பாகப் பார்த்தான். எழும்பி, எந்தக் கொம்பனியில் படித்தாய் என்று கேட்டான். முதல் தடவையிலேயே பாஸ். இப்படிச் சொந்தமாகக் கார் பூட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் தடவையில் எத்தனை பேர் பாஸ் பண்ணுகிறார்கள் என்று.

அந்தக் காருக்குக் கதவு இல்லை, கூரை இல்லை. மொத்த எடை ஐந்நூற்றி இருபது கிலோ. ஏறுவதென்றால் காலைத் தூக்கி உள்ளே வைத்து, பிறகு உடம்பைச் சொருக வேண்டும். உட்கார்ந்தால் பக்கத்தில் போகிற லொறியின் சில்லு நட்டு கண்ணுக்கு நேரே சுற்றும். கையைத் தொங்கப் போட்டால் தார் ரோட்டைத் தொடலாம். ஞாயிறு விடிய வீடு இருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து கிளம்பி வெளியூர் ரோட்டில் விட்டால், வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும் முன்பே கார் திரும்பிவிடும். முதுகெலும்பால் ஓட்டுகிற கார் அது. மழை வந்தால் மழைதான். என் மனைவி ஒரே ஒரு தடவை ஏறினாள். இறங்கி, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, "இனி நான் பஸ்ஸில வாறன்" என்றாள்.

சொந்தக்காரர் ஒருவரும் அந்தக் காரை மதிக்கவில்லை. என் தங்கையின் புருஷன் எல்லோருக்கும் மேல். பிளேஸ்டோவில் இரண்டு கடை வைத்திருக்கிறான். கராஜ் பக்கம் வந்தால் என்னிடம் இதே கேள்விதான்.

"என்ன மச்சான், உந்தக் குளிக்கிற தொட்டியோட இன்னும் மினக்கெடுறியோ? கதவு எங்க?"

"உன்ர வயித்துக்குக் கதவு வைச்சாலும் உள்ளுக்கு வர ஏலாது."

"நான் ஏன் வாறன்? எனக்குத்தான் கூரையோட கார் இருக்கே."

அவன் மகள் சாமத்தியப்பட்டபோது மஞ்சள் நிற இத்தாலிக் கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கப்போவதாகச் சொன்னான். இப்போது இங்கே அப்படித்தான். குதிரை வண்டியில் வந்தாயிற்று, ஹெலிகொப்டரில் இறங்கியாயிற்று, யார் வீட்டில் எது என்று போட்டி. ஆனால் பெட்டை, என் மருமகள், எனக்கே போன் எடுத்தாள்.

"மாமா, அப்பா மஞ்சள் கார் ஒண்டு ஹயர் பண்ணப்போறாராம். சோ எம்பரசிங். எனக்கு உங்கட கார்தான் வேணும். நீங்கதான் மாமா, நீங்கதானே என்னைக் கூட்டிக்கொண்டு வரோணும்?"

அது சரியான கதை. தாய்மாமன்தான் மாலை போட்டுப் பிள்ளையை மேடைக்குக் கூட்டி வர வேண்டும். வேதக்காரர், கத்தோலிக்கர் எங்களிடமும் அது இருக்கிறது. சுவாமியார் ஆசீர்வதிப்பார், ஆனால் கூட்டி வருவது மாமன். அந்த உரிமையை என் காரிலேயே செய்வது என்று முடிவாயிற்று. மச்சானால் மகளை மறுக்க முடியவில்லை. "எதுக்கும் மஞ்சள் காரும் நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். அந்த 'எதுக்கும்' என்ற சொல் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. என் கார் அந்தப் பிள்ளையை மண்டப வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும், மஞ்சள் கார் சும்மா நின்று பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மண்டபம் ஹவுன்ஸ்லோவில். அதன் கார் நிறுத்துமிடம் பின்பக்கத்தில், உயரத்தில் இருந்தது. அங்கிருந்து ஒரு சரிவில் இறங்கி, பெரிய ரோட்டில் கொஞ்சத் தூரம் ஓடி, வளைந்து முன்வாசலுக்கு வர வேண்டும். சரிவின் அடியில் பஸ்ஸும் லொறியும் நிற்காமல் ஓடும் ரோடு. காலையிலேயே காரைக் கொண்டுபோய் மேலே விட்டேன். டயர், எண்ணெய், பிரேக் எல்லாம் பார்த்தேன். பூ அலங்காரக்காரப் பெடியன் ஒருவன் டேப்போடு வந்தான். பெயின்டில் டேப் ஒட்டினால் உன் விரலை ஒட்டுவேன் என்று அனுப்பிவிட்டு, பின்னால் இருக்கும் இரும்பு வளையத்தில் ஒரு மாலையை மட்டும் கட்டவிட்டேன். பிறகு கராஜின் வான் வண்டியில் வீட்டுக்குப் போனேன், வேட்டி கட்டி, மனைவியையும் தட்டுகளையும் ஏற்றி வர. கார்ச் சாவி என் சட்டைப்பையில். சாவி இல்லாமல் ஒருவனும் அதை அசைக்க முடியாது என்று நம்பிப் போனேன்.

திரும்பி வந்தபோது கார் விட்ட இடத்திலேயே நின்றது. பெட்டையைக் கூட்டி வந்தார்கள். சேலை, நகை, தலை நிறையப் பூ. நாலு பெண்கள் சேலையைப் பிடிக்க, காலைத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. மேலே டிரோன் பறக்கிறது. வீடியோக்காரன் சரிவின் அடியில் நின்று கையைக் காட்டுகிறான். நான் ஏறினேன். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் முன் பிரேக்கை மிதித்துப் பார்ப்பது என் பழக்கம்.

மிதி உள்ளே போனது. கல் மாதிரி நிற்க வேண்டிய மிதி பஞ்சுத் தலையணை மாதிரி அரைவாசி போய்த்தான் நின்றது.

இன்னொரு முறை மிதித்தேன். அதேதான். பின் சில்லுகளுக்குப் பிரேக் இல்லை. முன் சில்லுகளுக்கு இருக்கிறது. அதை வைத்து மெல்ல மெல்ல இறக்கலாம், ஹாண்ட்பிரேக்கும் இருக்கிறது, முப்பது வருஷக் கை இது, என்று ஒரு மனம் சொன்னது. பொய் சொல்லக் கூடாது, அந்த மனம் நன்றாகவே சொன்னது. எதிரே மஞ்சள் கார் நின்றது. பக்கத்தில் பிள்ளை இருந்தது. சரிவின் அடியில் இரட்டைத்தட்டு பஸ் ஒன்று போனது.

"இறங்கு பிள்ளை," என்றேன்.

"என்ன மாமா?"

"இறங்கு. இந்தக் கார் இப்ப ஓடாது."

மச்சான் கோட்டும் சூட்டுமாக ஓடி வந்தான். "என்ன, ஸ்டார்ட் வரேல்லையோ? நான் அப்பவே சொன்னனான்!"

"ஸ்டார்ட் வரும். பிரேக் போயிட்டுது. ஆரோ கை வைச்சிருக்கிறாங்கள்."

"சாவி உன்னட்டை. கதவுமில்லை, பூட்டுமில்லை, எண்டாலும் சாவி உன்னட்டை. ஆர் என்னத்தைச் செய்யிறது? பழசைப் பொறுக்கிப் பூட்டினா இப்பிடித்தான். உள்ளுக்கு நானூறு சனம் இருக்குது மச்சான், சுவாமியார் வந்திட்டார்."

புது வேட்டியோடு தரையில் படுத்துக் கீழே பார்த்தேன். பின் அச்சருகில் பிரேக் பைப் இணைப்போடு நசுங்கி, எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அது தேய்ந்து போன பைப் இல்லை, அடிபட்ட பைப். எழும்பி, "ஆர் தொட்டது?" என்று கத்தினேன். எங்கள் கோயில் பங்கு ஆட்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரமாக நின்றார்கள். ஆவணித் திருநாளில் என்னோடு சேர்ந்து மாதா சுரூபத்தைத் தோளில் காவுகிறவர்கள்தான். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் மட்டும் குனிந்து தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தான்.

பெட்டையை மஞ்சள் காரில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்மை கரைந்துவிடக் கூடாதென்று அழாமல் இருந்தாள். அந்தக் கார் ஊரெல்லாம் கேட்க உறுமிக்கொண்டு இறங்கியது. நான் படியால் இறங்கி ஓடினேன், மாலை போட வேண்டுமே. உள்ளே நுழைகிறேன், மைக்கில் அறிவிப்பாளன் சிரித்துச் சிரித்துச் சொல்கிறான்: "தாய்மாமனாரின் சொந்தத் தயாரிப்பு சற்றே பழுதாகிவிட்ட காரணத்தால், நமது இளவரசி இதோ இத்தாலிய வாகனத்தில்!" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நேரே மேடைக்குப் போனேன், மைக்கைப் பறிக்கத்தான். என் தங்கை குறுக்கே வந்தாள்.

"அண்ணை, இண்டைக்கு வேண்டாம். அவளின்ர நாள்."

மாலையைப் போட்டேன். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் பிரேக் எண்ணெய் மணம் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் என்னைக் கண்டவனெல்லாம், "என்ன அண்ணை, உங்கட கார் காலை வாரிட்டுதாமே?" என்று கேட்டான். கார் காலை வாரவில்லை, கார் எனக்குச் சொன்னது, ஆட்கள்தான் சொல்லவில்லை என்று எத்தனை பேருக்கு விளக்குவது? நாலு பேருக்கு விளக்கினேன். நாலு பேரும் தலையை ஆட்டிவிட்டு இறைச்சிக் கறியைப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு வாடிக்கையாளர் அந்த மாதம் வேறு கராஜுக்குப் போனார்கள். தற்செயலாக இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

பைப்பை மாற்ற எனக்கு இருபது நிமிஷம் போதும். ஆனால் ஆறு கிழமை மனம் கொதித்தது. ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அந்த ஆட்கள் என் பக்கம் திரும்பிக் கை தந்தார்கள். நானும் கொடுத்தேன். இந்தக் கைகளில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

ஆறாம் கிழமை வீடியோ வந்துவிட்டது, வா என்று மச்சான் கூப்பிட்டான். தங்கைக்காகப் போனேன். பெரிய டிவி. கேக் வெட்டி வைத்திருந்தார்கள்.

"மச்சான், உன்ர காருக்கு எவ்வளவு பெரிய இடம் குடுத்திருக்கிறான் பார். எனக்கே தெரியாது, நான் அப்ப உள்ளுக்கு நிண்டனான். முதல் சீனே அதுதான். குறூப்பில போட்டதுக்கு எல்லாரும் கேக்கினம், ஆற்ற ஐடியா எண்டு."

திரையில், மேலிருந்து எடுத்த படம். மண்டபத்தின் பின்பக்கம். என் கார். அதற்குக் கீழே குறுக்காக முன்னுக்கு ஒரு குழாய், பின்னுக்கு ஒரு குழாய்; மேடையில் மணவறை அலங்காரம் கட்டிய ஆட்களுடைய இரும்புக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் நாலு பேர். சுவரோரம் நின்ற அதே ஆட்கள். இடுப்பளவுக்குத் தூக்கி, சுரூபம் காவுவதுபோல ஒரே அடி வைத்து, ஆடி அசைந்து மண்டபத்தின் பின்கதவை நோக்கிப் போகிறார்கள். மாலை ஆடுகிறது. பின்னால் ஒரு பாட்டு. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பிள்ளையை உள்ளே வைத்து மேடை வரை காவிக்கொண்டு போகலாமா என்று வீடியோக்காரன் கேட்டிருக்கிறான். கதவால் போகுமா என்று வெறும் காரை ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். பெற்றோல் காரை உள்ளே விடமாட்டேன் என்று மண்டப மனேஜர் வந்து கத்தியதும், காவியபடியே திருப்பிக் கொண்டுவந்து, இருந்த கோட்டிலேயே வைத்துவிட்டார்கள். என்ன ஒழுங்கு! இதைப் பக்கத்தில் இருந்த மச்சானின் மகன் சொன்னான். இவர்களுக்கு யார் சொன்னது, எட்டுப் பேர் காரைத் தூக்கலாமென்று? நான்தான். நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், சாப்பாட்டன்று கோயில் வாசலில், எட்டுப் பேர் போதும் என்று சொல்லி, முன்மூலையை ஒற்றை ஆளாகத் தூக்கியும் காட்டினேன். தூக்கலாம் என்றேன். எங்கே பிடித்துத் தூக்குவதென்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலம் சொல்லியிருப்பேன்.

"ரிமோட்டைத் தா," என்றேன்.

திரும்பி வரும் இடத்தைப் போட்டேன். முன்னால் போகிறவன் ஒருவனுக்குக் கால் இடறுகிறது. கார் முன்னுக்குச் சரிகிறது. பின் குழாய் சட்டத்தை விட்டு வழுகிப் போய் அச்சில் அடிக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தினேன். எழும்பிப் போய் டிவியில் விரலை வைத்தேன்.

"இதில என்ன இருக்குத் தெரியுமோ? பின் பிரேக் பைப். இந்த அடியிலதான் போனது. இது நடந்து ஒரு மணித்தியாலத்தில உன்ர பிள்ளை அந்தக் காருக்குள்ள இருந்தவள். கீழ சரிவு. சரிவுக்குக் கீழ ரோட்டு."

பெட்டை சோபாவில் இருந்தாள். போனை மடியில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "மாமா, அப்ப நாங்க கீழ போயிருந்தா?" என்றாள். தங்கை சிலுவை போட்டுக்கொண்டாள்.

மச்சான் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப உனக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"பிரேக் போனது தெரியும். அடிபட்டதெண்டும் தெரியும். உனக்குச் சொன்னனான். பழசைப் பொறுக்கிப் பூட்டினா இப்பிடித்தான் எண்டு நீதான் சொன்னனீ."

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. வெட்டி வைத்த கேக்கை யாரும் தொடவில்லை. மச்சான் போனை எடுத்து வீடியோக்காரனுக்கு அடித்தான். எல்லோருக்கும் கேட்கப் போட்டுவிட்டு, நான் ஒரு நாளும் கேட்டிராத குரலில் கத்தினான். "உந்தக் கார் தூக்கிற சீனை வெட்டு! இப்பவே வெட்டு!"

"அண்ணை, அதுதான் பெஸ்ட் சீன் அண்ணை. டிரோன் ஷொட். எல்லாரும் லைக் பண்ணியிருக்கினம்."

"வெட்டெண்டால் வெட்டு!"

நான் போனை வாங்கினேன். "தம்பி, அதை வெட்டாத. அது நடந்தது, இருக்கட்டும். அந்த எட்டுப் பேரும் ஒவ்வொரு முறையும் பாக்கட்டும். மைக்கில ஒருத்தன் பழுதெண்டு சொல்லுறான் பார், அந்தக் குரலை வெட்டு."

"அது கஷ்டம் அண்ணை. அதுக்குக் கீழால பாட்டுப் போகுது. குரலை வெட்டினா பாட்டு நடுவில உடையும்."

"உடையட்டும்," என்றேன்.